உச்சிக்காரியின் மண்

ஊர் அவளை உச்சிக்காரி என்று கூப்பிடுவதற்குக் காரணம் அவள் நிலம்தான், திமிர் இல்லை. திமிரும் இருந்தது, அதை அவளே மறுக்க மாட்டாள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ஆறு படிகள் அவளுடையவை. அதற்கு மேலே வெறும் பாறை. உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் பீன்ஸும் மாற்றி மாற்றிப் போடுவாள். உரத்தை முதுகில் ஏற்ற வேண்டும், விளைந்ததை முதுகில் இறக்க வேண்டும். வண்டி வருகிற ரோடு எங்கோ கீழே கிடந்தது.

அதெல்லாம்கூடப் போகட்டும். மலையில் பிழைக்கிறவர்கள் எல்லாரும் சுமக்கிறவர்கள்தான். ஆனால் வயலையே கூடையில் அள்ளிச் சுமக்க வேண்டியிருக்கிறதே, அது சமவெளியில் உட்கார்ந்து கிழங்கை வறுத்துத் தின்கிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? ஒவ்வொரு மழைக்கும் மேல்படி மண் கரைந்து, படிகளின் ஓரமாக ஓடும் வடிகாலில் இறங்கி, ரோட்டோரம் தோண்டி வைத்திருக்கிற நீளக் குழியில் போய்த் தங்கும். மண்குழி என்பார்கள். மழை ஓய்ந்து குழி காய்ந்ததும் மேல்படிக்காரர்கள் அந்த மண்ணை வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் வைத்து, திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டாமல் விட்டால் நாலைந்து வருஷத்தில் மேல்படி பல்லை இளித்துவிடும். கல்தான் மிஞ்சும்.

வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து உச்சிக்காரி அந்த மண்ணைச் சுமந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் சுமந்தாள். சும்மாடும் கூடையும் உட்கார்ந்து உட்கார்ந்து நடுமண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. “புருஷன் வீட்டுல எனக்குப் போட்ட நகை இதுதான்” என்று குனிந்து காட்டுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளுடைய கொழுந்தனை, அதாவது புருஷனின் தம்பியை, ஊரே ‘நல்லவர்’ என்றுதான் சொல்லும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அவர் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். யார் காய் சந்தைக்குப் போவதானாலும் அவர் வேன்தான். குரலை உயர்த்திப் பேச மாட்டார். பாகம் பிரிக்கும்போது, “அண்ணன் எப்பவும் உசரத்துல இருக்கணும். எனக்குக் கீழ கிடைச்சாப் போதும்” என்றார். கேட்டவர்கள் கண் கலங்கினார்களாம். ஏன் கலங்காது? தண்ணீர் பாய்கிற இடமும் வண்டி நிற்கிற இடமும் தம்பிக்கு. பாறையும் காட்டுப்பன்றியும் அண்ணனுக்கு. அண்ணன்காரர் ஒரு வெள்ளந்தி. தம்பி தன்னைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டான் என்று கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உச்சிக்காரியின் மண்குழி இருந்தது நல்லவரின் நிலத்தில். அதனால் மண் அவருடையது ஆகிவிடாது. மேலே இருக்கிறவர்களும் கீழே இருக்கிறவர்களும் வெட்டுக்குத்து இல்லாமல் பிழைக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ பேசி வைத்த வழக்கம் ஒன்று உண்டு. மேலேயிருந்து இறங்கிய மண் மேலே இருக்கிறவருக்கு. குழிக்காரர் தடுக்கக் கூடாது. ஆனால் அடுத்தடுத்து இரண்டு வருஷ மழைக்கு ஒரு கூடைகூட ஏறாவிட்டால் அது கேட்பாரில்லாத மண், குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கூடை போதும். யார் தலையில் ஏறினாலும் சரி, மேல்படியில் விழுந்தால் உரிமை நிற்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள்கூட யாரையாவது கெஞ்சி ஒரு கூடையை ஏற்றிவிடுவார்கள்.

நல்லவரின் பெண்டாட்டிக்கும் உச்சிக்காரிக்கும் பேச்சு இல்லை. ஓரகத்திகள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக மண் சுமந்தவர்கள்தான். பாகம் பிரிந்த பிறகு ஒருநாள், இளையவளின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே ஏறி, பீன்ஸ் நாற்று ஒரு படி முழுவதையும் மேய்ந்துவிட்டது. உச்சிக்காரி ஆட்டைத் திட்ட ஆரம்பித்து ஆட்டுக்காரியின் அம்மா வீடு வரைக்கும் போய்விட்டாள். அன்றோடு சரி. அதற்கப்புறம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் ஆட்டிடம்தான் சொல்வார்கள். “ஏ ஆடே, மேல தண்ணி அடைச்சுக் கிடக்கு, கீழ உள்ளவங்க கொஞ்சம் பாத்துக்கட்டும்” என்று உச்சிக்காரி வடிகால் ஓரத்தில் நின்று கத்துவாள். “ஆடு பாத்துக்கிச்சு” என்று கீழேயிருந்து பதில் வரும். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

பிறகு உச்சிக்காரியின் புருஷனுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. ஒரு மழைக்காலமும் அதை அடுத்த வெயில்காலமும் சமவெளி ஆஸ்பத்திரியிலேயே கழிந்தன. அந்த வருஷம் மண் ஏறவில்லை. அடுத்த வருஷம், மழை ஓய்கிற சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே குழி காய்ந்துவிட்டது என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். உச்சிக்காரி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த கூடையை எடுத்தாள். ஒரே ஒரு கூடையைப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து அழலாம் என்று நினைத்தாள். நல்லவர் குறுக்கே வந்து கூடையை அவள் கையிலிருந்து வாங்கினார்.

“அண்ணி, இந்த நிலைமையில நீங்க மண்ணு சுமக்கணுமா? ஊர் என்னைத்தான் காறித் துப்பும். மண்ணு எங்கயும் ஓடிப் போகாது. அடுத்த வருஷம் எடுத்துக்கங்க. நான் இருக்கேன்ல?”

அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. “தம்பின்னா இப்படி இருக்கணும்” என்றார் ஊர்த் தலைவர். கடைக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். உச்சிக்காரியின் ஒரே மகன், கல்யாண வயசுப் பையன், பக்கத்திலேயே நின்றான். பேச்சு இல்லாவிட்டாலும் சாவுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஓரகத்தி, டீ தம்ளர்களோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். நல்லவர் கூடையைக் கொண்டுபோய்த் திரும்ப ஆணியில் மாட்டினார்.

அவள் செய்த தப்பு அவ்வளவுதான். நல்ல வார்த்தையை நம்பினாள்.

இந்த வருஷம் குழி காய்ந்த அன்றே மண்வெட்டியும் கூடையுமாகக் கீழே இறங்கினாள். மேல்படிகளில் விரலை விட்டால் நகம் மறைகிற ஆழத்துக்குத்தான் மண் இருந்தது. அதற்குக் கீழே கல். விதைக்கிழங்கு கட்டிலுக்கு அடியில் முளை விட்டுத் தயாராகக் கிடந்தது. இந்த மண் ஏறினால்தான் அதை ஊன்ற முடியும். ஏறாவிட்டால் ஆறு படியையும் பன்றிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

குழியோரம் நல்லவரின் வேன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் அவள் மண்ணை வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே புதிதாகக் கட்டுகிற ஹோட்டலுக்கு முன்னால் புல்தரை போடுகிறார்களாம். புல்லுக்கு மலைமண்தான் ஒத்துவருமாம். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தவன் அவள் பெற்ற மகன். சித்தப்பாவின் வேனை ஓட்டுவதுதான் அவனுக்கு வேலை. அம்மாவைப் பார்த்ததும் ரேடியோவை நோண்ட ஆரம்பித்தான்.

“தம்பி, அது என் மண்ணு” என்றாள் உச்சிக்காரி.

நல்லவர் முகத்தை ரொம்பச் சோகமாக வைத்துக்கொண்டார். “எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? ரெண்டு மழை தாண்டிடுச்சே. ஒரு கூடைகூட ஏறலையே. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. நானே அதை மீறினா நாளைக்கு யார் மதிப்பாங்க?”

“கூடையைப் புடுங்கி மாட்டினது நீதானே.”

“உங்க நல்லதுக்குச் சொன்னேன். அதையே இப்பத் திருப்பிப் பேசினா எப்படி அண்ணி?”

பாருங்கள், அண்ணியாம். வாய்க்கு வாய் அண்ணி. அந்த மனுஷன் நேரடியாக ‘உன் மண்ணைத் திருடுகிறேன், என்ன செய்வாய்’ என்று கேட்டிருந்தால்கூட உச்சிக்காரிக்கு அவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அவள் வேனின் பின்பக்கம் கால் வைத்து ஏறி, ஏற்றியிருந்த மண்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப ஓட்டு பாக்கலாம்” என்றாள் மகனிடம்.

அவன் ஓட்டவில்லை, இறங்கவும் இல்லை. வெயில் ஏறியது. ரோட்டில் போகிற வருகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஊர்த் தலைவருக்கு ஆள் போய், சாயங்காலம் கூட்டம் என்று முடிவானது. மண்ணோடு வேன் அங்கேயே நிற்கட்டும் என்றார்கள். அதைத் தலைவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் உச்சிக்காரி இறங்கினாள்.

கூட்டம் கிழங்குக் கிடங்கில் நடந்தது. அழுகல் கிழங்கு வாடையும் சாக்கு வாடையும் அடிக்கும் இடம். ஆண்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். பெண்கள் கதவோரம் எடைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்கள். நல்லவர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, தனக்கு மனசே சரியில்லை, அண்ணியோடு இப்படி நிற்க வேண்டியதாகிவிட்டது என்று ஆரம்பித்தார். பேசி முடித்தபோது அவர்தான் பாதிக்கப்பட்டவர் போலத் தோன்றியது.

“இங்க பாரும்மா, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு” என்றார் தலைவர்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், வேன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவரின் மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம்.

“தலைவரே, அன்னிக்கு என் வீட்டுல நீங்க இருந்தீங்க. ‘அடுத்த வருஷம் எடுத்துக்கங்க’ன்னு இவர் சொன்னாரா இல்லையா?”

“துக்க வீட்டுல யார் என்ன பேசினாங்கன்னு யாருக்கும்மா ஞாபகம் இருக்கும்?”

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். கடைக்காரர் சாக்கில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுக் கிளறினார். “எனக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்” என்றார். கடையில் யாராவது கடன் என்று முணுமுணுத்தால் தெருக்கோடியில் இருந்தே கேட்கிற காது அது.

உச்சிக்காரி மகனைப் பார்த்தாள். “நீ சொல்லுடா. என் பக்கத்துலதானே நின்ன?”

மகன் தரையைப் பார்த்தான். சித்தப்பாவைப் பார்த்தான். மறுபடி தரையைப் பார்த்தான்.

“கூட்டமா இருந்துச்சும்மா. நான் சரியா கவனிக்கலை.”

அவளுக்கு அழுகை வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தலைவன் மறந்தால் போகட்டும், கடைக்காரன் செவிடானால் ஆகட்டும். பத்து மாசம் சுமந்து பெற்றதை இந்த மண்ணில் விளைந்ததைப் போட்டுத்தானே வளர்த்தாள். இந்தப் பிள்ளைக்காகவா மண்டை தேய்ந்தது என்று நினைத்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “அப்ப சாட்சி யாரும் இல்ல. ஒரு கூடைகூட ஏறலைங்கறது…”

“ஏறுச்சு” என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். ஓரகத்தி எடைக்கல்லைத் தாண்டி முன்னால் வந்தாள். உச்சிக்காரியைப் பார்க்கவில்லை, தலைவரைத்தான் பார்த்தாள்.

“கூடை ஏறுச்சா இல்லையாங்கறதுதானே கேள்வி? போன வருஷம் ஒரு கூடை ஏறுச்சு. நான்தான் ஏத்தினேன். உச்சியில முதல் படியில கொட்டினேன்.”

நல்லவரின் முகத்திலிருந்து சோகம் வழுக்கி விழுந்துவிட்டது. “உனக்கு என்ன தெரியும்? உள்ள போ.”

“எங்க உள்ள போறது? இது கிடங்கு.”

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். “யார் பாத்தா?” என்றார் நல்லவர்.

“எல்லாரும்தான் பாத்தாங்க. நான் என்ன திருடியா, ஒளிஞ்சு போறதுக்கு? பட்டப்பகல்ல கூடையோட ஊர் நடுவுலதான் ஏறினேன். தலைவரே, நீங்க வாசல்ல உக்காந்து ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தீங்க. ‘என்னம்மா, நீ போய் மண்ணு சுமக்கற’ன்னு கேட்டீங்க. ‘செத்துப் போன பெரியவருக்காக ஒரு கூடை’ன்னு சொன்னேன். ஆமாவா இல்லையா? கடைக்கார அண்ணே, உங்க கடை முன்னாலதான் இறக்கி வச்சுத் தண்ணி வாங்கிக் குடிச்சேன். கூடையைத் திரும்பத் தூக்கிவிட்டதே நீங்கதான். கைதானே தூக்குச்சு, காது இல்லையே.”

தலைவர் தாடையைத் தடவினார். “ஆமா… இப்ப ஞாபகம் வருது” என்றார்.

ஞாபகம் வந்துவிட்டதாம். பொய் என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் கதவோரம் நிற்கிற பெண்களில் பாதிப் பேர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்களே. கடைக்காரருக்கும் காது திறந்துகொண்டது. முதல் படி மூலையில் சின்னதாக ஒரு மண்மேடு கிடந்ததை உச்சிக்காரி போன வருஷமே பார்த்திருந்தாள். பன்றி கிளறிப் போட்டது என்று நினைத்துக் காலால் பரத்திவிட்டிருந்தாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லலை?” என்றார் நல்லவர். ஊருக்கு முன்னால் அவர் பெண்டாட்டியை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க கேக்கலை. இவ கூடையைப் புடுங்கி நீங்க ஆணியில மாட்டினப்பவே எனக்கு உங்க எண்ணம் புரிஞ்சுடுச்சு. இவளுக்கும் எனக்கும் ஆகாது, அது வேற. அதுக்காக இவ மண்ணு போகணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? இந்த மண்ணை நானும் இவளும் கழுத்து ஒடிய சுமந்திருக்கோம். நீங்க ஒரு கூடை சுமந்திருக்கீங்களா?”

அதற்கு மேல் தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை. குழி மண் உச்சிக்காரிக்கு, வேனில் ஏற்றியதையும் இறக்கிவிட வேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, தானே எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, “கடைசியில நியாயம் ஜெயிச்சுடுச்சு பாருங்க” என்றார்.

உச்சிக்காரி பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அவளால் எப்படி முடியும்?

“எது ஜெயிச்சுது தலைவரே? அவர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும், இவ சுமந்ததும் தெரியும். ரெண்டையும் வாய்க்குள்ள வச்சுக்கிட்டுத்தானே மூட்டை மேல உக்காந்திருந்தீங்க? இவ வாயைத் திறக்கலைன்னா என் மண்ணுல நாளைக்கு எவனோ புல்லு வளர்ப்பான். நீங்க வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிட்டுப் படுத்திருப்பீங்க. அவர் கெட்டவர், சரி. நீங்கள்லாம் யாரு?”

மூட்டைகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

மகன் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். “வேலை போயிடும்னு பயந்துட்டேன்மா” என்றான். “சோறு சட்டியில இருக்கு, போட்டுக்க” என்றாள். அவனே போட்டுக்கொண்டு, அவனே தட்டைக் கழுவி வைத்தான்.

காலையில் அவள் குழிக்கு இறங்கியபோது ஓரகத்தி அங்கே இருந்தாள். சொந்தக் கூடையும் சும்மாட்டுத் துணியும் கொண்டு வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. வீட்டில் அடித்தாரா என்று கேட்க உச்சிக்காரிக்கு வாய் வரவில்லை.

“அவரு எங்கூடப் பேசலை” என்றாள் ஓரகத்தி, குழியைப் பார்த்தபடி. “அதுவும் நிம்மதியாத்தான் இருக்கு. தூக்கம்தான் வரலை.”

மகனும் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்து நின்றான். வேனை எடுக்கப் போகவில்லை. உச்சிக்காரி அவனைப் பார்த்தாள், ஓரகத்தியைப் பார்த்தாள். பிறகு சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே ஓரகத்தியிடம் சொன்னாள்:

“நீ மூணாவது படியில கொட்டு. உன் தலையில ஏறுற மண்ணு அங்க விழட்டும். இனிமே அதுல விளையறது உனக்கு.”

மகன் நிமிர்ந்தான். “அம்மா, அது எனக்குன்னு அப்பா சொன்ன படி.”

“ஆமா. நேத்து கிடங்குல எந்திரிச்சு நின்னிருந்தா உனக்குத்தான்.”

ஓரகத்தி நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. மேலே ஏறிட்டுப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் படிகளை அளந்தாள்.

“மூணாவதுல கல்லு ஜாஸ்திக்கா. ரெண்டாவதைக் குடு.”

உச்சிக்காரி முறைத்தாள். “ரெண்டாவதுக்குச் சுவர் வச்சது நானும் அவரும்.”

“கல்லு எடுத்துக் குடுத்தது யாரு?”

உச்சிக்காரி சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். “சரி, ரெண்டாவதையே எடுத்துக்க” என்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, “என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? முதல்ல அவ கூடையை நிரப்பு” என்றாள்.

மகன் குழிக்குள் இறங்கி, சித்தியின் கூடையை நிரப்ப ஆரம்பித்தான்.